உராய்வு வகுத்த நான்கு நிமிடங்கள்

திரைப்படக் கருவிகளின் வரலாற்றில் கேமராவுக்குக் கிடைத்த மரியாதை புரொஜெக்டருக்குக் கிடைத்ததில்லை. அதிலும் ஃபிலிமை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியோடு சேர்த்துச் செருகி ஓட்டும் கார்ட்ரிட்ஜ் புரொஜெக்டரைப் பற்றி இரண்டு வரி எழுதப்பட்டிருந்தாலே அதிகம். வீடியோ வந்ததும் வழக்கொழிந்த ஓர் இடைக்காலக் கருவி என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் இயந்திரத்தின் உள்ளே நிகழும் உராய்வு, அதில் ஓடும் படத்தின் நீளத்தையும் உருவத்தையும் அதைப் பயன்படுத்திய ஆசிரியரின் பாடமுறையையும் தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று சினிமாத் தொழில்நுட்பத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

பெட்டி வருவதற்கு முன் படம் ஓட்டுவது முழுக்கக் கைவேலை. ஆபரேட்டர் மேல் ரீலிலிருந்து ஃபிலிமை இழுப்பார். அதன் துளைகளைப் பல்சக்கரத்தில் பொருத்துவார். விளக்கொளி ஃபிலிமை ஊடுருவும் இடமான கேட்டுக்கு மேலே தளர்வாக ஒரு லூப் விடுவார். கேட்டின் தட்டுகளுக்கு நடுவே ஃபிலிமைச் செலுத்தி, கீழேயும் ஒரு லூப் விட்டு, கடைசியில் கீழ் ரீலில் மாட்டுவார். அந்த இரண்டு லூப்களில்தான் தொழிலே இருக்கிறது. ரீல்கள் இடைவிடாமல் சுழல்கின்றன. கேட்டிலோ ஃபிலிம் நின்று நின்று நகரவேண்டும். இந்த இரண்டு இயக்கங்களுக்கும் சமரசம் செய்துவைப்பது லூப்.

8 மி.மீ. படத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் 3.81 மி.மீ. நொடிக்கு 18 கட்டங்கள் ஓடினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது ஏறத்தாழ 56 மில்லிசெகண்ட். அதில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நகக்கொக்கி துளையில் இறங்கி, ஃபிலிமைக் கீழே இழுத்துவிட்டு விலகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்பது மில்லிசெகண்டில் இழுப்பு முடியவேண்டும். அந்தக் கணத்தில் ஃபிலிமின் வேகம் அதன் சராசரி வேகத்தைப்போல ஆறு மடங்கு. மேல் லூப் சிறுத்துவிட்டால் கொக்கி துளையைக் கிழித்துவிடும். பெருத்துவிட்டால் ஃபிலிம் எங்காவது உரசிக் கீறல் விழும். தேர்ந்த கைக்கு இது பழகிய வேலை. ஆனால் கரும்பலகை முன் நிற்கும் இயற்பியல் ஆசிரியரிடம், பாடத்தின் நடுவே நான்கு நிமிடப் படம் காட்டுவதற்காக இந்த வித்தையைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

அமெரிக்காவின் டெக்னிகலர் நிறுவனம் 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 8 மி.மீ. புரொஜெக்டர் இந்தச் சிக்கலுக்கு ஒரு துணிச்சலான விடை சொன்னது. அதன் பெட்டிக்கு மேஜி-கார்ட்ரிட்ஜ் என்று பெயர். உள்ளே சுமார் 50 அடி ஃபிலிம், முனையும் முனையும் ஒட்டப்பட்டு முடிவில்லா வளையமாகச் சுற்றியிருக்கும். பெட்டியைச் செருகிச் சுவிட்சைப் போட்டால் படம் ஓடும். திரும்பச் சுற்றும் வேலை இல்லை. முடிந்த இடத்தில் தொடக்கம் காத்திருக்கும். ஒரு குழந்தையாலும் இதை இயக்க முடிந்தது.

வளையம் என்ற எண்ணம் புதிதல்ல. 1894-இல் நியூயார்க்கில் பொதுமக்கள் காசு கொடுத்துப் பார்த்த எடிசனின் கினெட்டோஸ்கோப்பிலும் ஏறக்குறைய 50 அடி வளையம்தான் ஓடியது. அங்கே ஃபிலிமை ஓர் அலமாரி முழுதும் உருளைகளின் மேல் மேலும் கீழுமாக ஏற்றி இறக்கியிருந்தார்கள். ஒரு படலம் இன்னொரு படலத்தைத் தொடாததால் உராய்வைப் பற்றிய கவலை இல்லை. அதை உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் கொண்டுவரவேண்டும் என்றால் சுருளாகச் சுற்றுவதைத் தவிர வழியில்லை. சுருளின் உட்பக்கத்திலிருந்து ஃபிலிமை வெளியே எடுத்து, கேட்டைக் கடக்கவிட்டு, மீண்டும் சுருளின் வெளிப்பக்கத்தில் சேர்க்கவேண்டும்.

இங்கேதான் வடிவியல் குறுக்கே நிற்கிறது. உட்சுற்றின் சுற்றளவு சிறியது, வெளிச்சுற்றின் சுற்றளவு பெரியது. ஆனால் உள்ளே எவ்வளவு நீளம் வெளியேறுகிறதோ அதே நீளம்தான் வெளியே வந்து சேர்கிறது. எனவே சுருள் ஒரே கட்டியாகச் சுழல முடியாது. ஒவ்வொரு படலமும் வெளிவிளிம்பிலிருந்து மெல்ல மெல்ல மையத்தை நோக்கி நகர்ந்தபடி, தன் பக்கத்துப் படலத்தின்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். கணக்கிட்டுப் பார்க்கலாம். ஃபிலிமின் தடிமன் 0.15 மி.மீ., சுருளின் உள்ளாரம் 2 செ.மீ. என்று கொண்டால், 50 அடிக்கு ஏறத்தாழ 90 படலங்கள் சேரும், வெளியாரம் 3.4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். உட்சுற்று ஐந்து முறை சுழலும்போது வெளிச்சுற்று மூன்று முறைதான் சுழலும். அடுத்தடுத்த இரண்டு படலங்களுக்கு இடையே ஒரு சுற்றுக்கு ஏற்படும் வழுக்கல், தடிமனை 2π-ஆல் பெருக்கினால் கிடைக்கும் அளவு. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது. ஆனால் இது 90 படலங்களிலும் ஒரே நேரத்தில், இயந்திரம் ஓடும் ஒவ்வொரு கணமும் நடக்கிறது. அத்தனை உராய்வையும் வெல்லும் இழுவிசையை மெல்லிய ஃபிலிம் ஒன்றே தாங்கவேண்டும். உலர்ந்த காற்றில் நிலைமின்சாரம் சேர்ந்து படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தில் கூழ்மப் பூச்சு இளகும். எங்காவது ஒரு படலம் பிடித்துக்கொண்டால் அதற்கு உட்பட்ட சுற்றுகள் இறுகும்; இறுகினால் உராய்வு இன்னும் கூடும்; பிறகு சுருள் பூட்டிக்கொண்டு நின்றுவிடும்.

ஆகவே வளைய கார்ட்ரிட்ஜின் உண்மையான வடிவமைப்பு வேலை பல்சக்கரத்திலோ மோட்டாரிலோ நடக்கவில்லை, ஃபிலிமின் மேற்பரப்பில் நடந்தது. படம் அச்சானபின் அதன்மேல் மெழுகு போன்ற மசகுப் பூச்சு கொடுத்தார்கள். பூச்சு அதிகமானால் கேட்டின் தட்டுகளில் படிந்து படத்தை மங்கச் செய்யும். குறைந்தால் சுருள் பூட்டிக்கொள்ளும். சுற்றும்போது எவ்வளவு தளர்வு விடுவது என்பதும் அதே அளவு நுட்பமான விஷயம். ஃபிலிமின் நீளத்தை இதனால்தான் இஷ்டப்படி கூட்ட முடியவில்லை. நீளம் கூடினால் படலங்கள் கூடும், அவற்றின் எடை கூடும், தொடக்க இழுப்புக்கு வேண்டிய விசையும் கூடும். ஆரம்பகாலப் பெட்டிகள் 50 அடியோடு நின்றதற்கு இதுவே காரணம். 8 மி.மீ. படத்தில் அடிக்கு 80 கட்டங்கள். 50 அடிக்கு 4000 கட்டங்கள். நொடிக்கு 16 கட்டம் என்றால் நான்கு நிமிடம் பத்து நொடி. 18 என்றால் மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு நொடி.

இந்த நான்கு நிமிடம் ஒரு கல்வி வடிவத்தையே பெற்றெடுத்தது. அமெரிக்கக் கல்வியாளர்கள் அதை ஒற்றைக் கருத்துப் படம் என்று அழைத்தார்கள். பின்னணி இசை இல்லை, விளக்கவுரை இல்லை, பேச்சே இல்லை. ஒரு நிகழ்வு, ஒரு கேள்வி, அவ்வளவுதான். பேச்சு இல்லாததால் ஆசிரியர் தன் சொற்களில், தன் மாணவரின் வேகத்தில் பேச முடிந்தது; வளையம் என்பதால் ஒரு நிகழ்வை அடுத்தடுத்துப் பலமுறை பார்க்க முடிந்தது. கென்யன் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஃபிராங்க்ளின் மில்லர் 1960-களின் தொடக்கத்தில் இத்தகைய படங்களை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அவற்றில் ஒன்று உலகெங்கும் பரவியது: 1940 நவம்பர் 7 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் டக்கோமா நேரோஸ் தொங்குபாலம் காற்றில் முறுக்கி இடிந்து விழுந்த காட்சி. எம்.ஐ.டி.யின் ஆஷர் ஷபிரோ தலைமையில் இயங்கிய பாய்ம இயக்கவியல் படக்குழுவும், ஹார்வர்டின் இயற்பியல் பாடத்திட்டமும் இதே வழியில் சென்றன. நீர் ஓடையில் சுழல் பிறப்பதை விளக்க இருபது நிமிட ஆவணப்படத்தைவிட மூன்று நிமிட மௌன வளையம் மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பார்ப்பவரை அது வேடிக்கை பார்க்க விடாது, கவனிக்க வைக்கும்.

ஒளிப்பாதையிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண புரொஜெக்டரில் ஃபிலிமுக்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் லென்ஸ். பெட்டிக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. அங்கே சுருள் இருக்கிறது. ஆகவே பெட்டியிலேயே ஒரு குழிவு விட்டு அதற்குள் கண்ணாடி நுழையவேண்டும், அல்லது பெட்டிக்குள்ளேயே ஒரு பட்டகத்தை வைத்து ஒளியைத் திருப்பவேண்டும். கேட்டின் ஒரு பாதி பெட்டியில், மறுபாதி இயந்திரத்தில் என்று பிரிந்துவிடுவதால், மலிவான பிளாஸ்டிக் வார்ப்பு லென்ஸின் குவியத் தூரத்துக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது. பெட்டி இம்மியளவு பிசகி உட்கார்ந்தாலும் திரையில் படம் மங்கும்.

1965-இல் கோடக் சூப்பர் 8-ஐக் கொண்டுவந்தது. துளைகள் சிறுத்தன, படப்பரப்பு ஏறத்தாழ பாதியளவு கூடியது. ஒலியும் சேர்ந்தபோது பொறியாளரின் பாடு கூடியது. காந்த ஒலி, படத்துக்கு 18 கட்டங்கள் முன்னால் பதியப்படுகிறது. கேட்டில் துள்ளித் துள்ளி நகரும் ஃபிலிம், அந்த 18 கட்டங்களுக்குள், அதாவது ஏழரை சென்டிமீட்டர் தூரத்துக்குள், நடுக்கமின்றிச் சீராக ஓடத் தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் குரல் நடுங்கும். வளையத்தின் உராய்வைச் சகிக்க விரும்பாத கோடக், தன் சூப்பர்மேட்டிக் காஸெட்டில் வேறு வழியில் போனது. அதில் சாதாரண ரீலே பெட்டிக்குள் இருக்கும். இயந்திரம் ஃபிலிமின் முனையைத் தானே பிடித்திழுத்துக் கோத்துக்கொள்ளும். முடிந்ததும் திரும்பச் சுற்றிப் பெட்டிக்குள் தள்ளிவிடும். பாதுகாப்பான தீர்வு. ஆனால் வளையத்தின் ஓயாத மறுநிகழ்வு அதில் இல்லை, வகுப்பறைக்கு வேண்டியதோ அதுதான்.

இந்த வரிசையில் மிகத் துணிச்சலான பெட்டி போலராய்ட் நிறுவனத்தின் எட்வின் லாண்ட் 1977-இல் அறிமுகம் செய்த போலவிஷன். அந்தக் காஸெட் கேமராவில் இருக்கும்போது ஃபிலிம் பெட்டி. எடுத்து முடித்ததும் அதுவே ரசாயனக்கூடம். அதன்பிறகு புரொஜெக்டர் காஸெட். பார்வைக் கருவிக்குள் முதன்முறை செருகியதும் ஃபிலிம் பின்னோக்கிச் சுற்றத் தொடங்கும். காஸெட்டுக்குள் அடைத்துவைத்த ரசாயனம் அப்போது மெல்லிய படலமாக அதன்மேல் பூசப்படும். ஒன்றரை நிமிடத்தில் வண்ணப்படம் தயார். இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஓடும். பிறகு தானாகவே திரும்பச் சுற்றிக்கொள்ளும். கூழ்மப் பூச்சு, திரவ ரசாயனம், ஒளிப்பட்டகம், இழுவை இயக்கம் அனைத்தையும் தூக்கியெறியும் விலையுள்ள ஒரு பெட்டிக்குள் இசைவித்தது இயந்திரவியலின் பெரும் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நுண்ணிய மூவண்ணக் கோடுகள் வழியாக வண்ணம் தரும் முறை ஒளியின் பெரும்பகுதியை விழுங்கியது. படம் இருண்டது, ஒலி இல்லை, பெரிய திரைக்கு வீச முடியவில்லை. வீட்டு வீடியோ அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. 1979-இல் போலராய்ட் 6.8 கோடி டாலருக்கு மேல் நட்டக்கணக்கு எழுதி அதை நிறுத்தியது. அதற்கான கேமராவையும் பார்வைக் கருவியையும் செய்துகொடுத்த வியன்னாவின் ஆய்மிக் நிறுவனமும் சில ஆண்டுகளில் திவாலானது.

மிஞ்சிய வளையப் பெட்டிகள் இன்று பல்கலைக்கழகக் கிடங்குகளில் கிடக்கின்றன. அசிடேட் ஃபிலிம் காடி வாசனையோடு சுருங்குகிறது; பூச்சு உலர்ந்துவிட்டதால் ஓட்டிப் பார்க்க முயன்றால் சுருள் பூட்டிக்கொள்கிறது. டிஜிட்டலுக்கு மாற்றப் பெட்டியைத் திறந்து வளையத்தை வெட்டவேண்டும். அப்படி வெட்டுமுன், அது எந்த இயந்திரத்தில் எந்த வேகத்தில் ஓடியது என்று எழுதிவைக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். டக்கோமா படத்தைப் பாருங்கள். பாலம் முறுக்கிய வேகத்தை அன்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தவர்கள் நிமிடத்துக்கு 12 முறை என்று குறித்திருந்தார்கள். பரவலாகப் புழங்கும் படத்திலோ 18 முறை முறுக்குகிறது. நொடிக்கு 16 கட்டமாக எடுத்ததை 24 கட்டம் என்று கொண்டு மாற்றியதால் நேர்ந்த ஒன்றரை மடங்கு வேறுபாடு அது என்பதை, டெக்சாஸின் டொனால்ட் ஓல்சன் குழுவினர் 2015-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சியிலிருந்து அதிர்வெண்ணை அளந்து பாடம் நடத்திய வகுப்புகளுக்குக் கிடைத்த எண் பாலத்தின் எண் அல்ல.