பிழாவிலிருந்து பீப்பாய் வரை

சென்ற தவணையில் ஒரு நாள் உயர்தர வகுப்பிலே பத்துப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. தகரக் கூரையின் இரைச்சலில் இலக்கணம் எடுபடாது என்று கண்டு, பாடத்திட்டத்தில் இல்லாத பெரும்பாணாற்றுப்படைக்குப் போனேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதிலே கள் சமைக்கும் முறை ஒன்று வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழா என்னும் தட்டிலே ஆறவிட்டு, கறையான் புற்றின் உட்புறத்துக் குரும்பி போலத் தோன்றும் முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியிலே விளையவிட்டு, பின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்களாம். நான் சொல்லி முடிக்கவில்லை, பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன், "சேர், இது கோடா!" என்றான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் தவறில்லை. அவன் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அந்தச் சொல்லை எவரும் அவனுக்குப் படிப்பித்திருக்க வேண்டியதில்லை.

கோடா என்றால் என்னவென்று நகரத்து நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். சீனியும் நீரும் ஈஸ்ற்றும் பீப்பாயிலே சேர்ந்து நுரைத்துப் புளித்து நிற்கும் கலவைக்குத்தான் தோட்டங்களிலும் கிராமங்களிலும் கோடா என்று பெயர். பத்திரிகையில் பொலிஸ் செய்தியை வாசிப்பவர்கள் இச்சொல்லை நன்கறிவார்கள். அதைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் செலுத்தி, சொட்டுச் சொட்டாக இறக்கினால் கசிப்பு. கசிப்பு சிங்களத்தில் வழங்கும் சொல். தமிழ்க் காதுக்குக் 'கசிதல்' நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து வேர் சொல்லும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும. பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது புளிக்கவைத்தல் மாத்திரமே, வடித்தல் அங்கில்லை. ஈஸ்ற்று என்ற நுண்ணுயிர் இனிப்பைத் தின்று மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதை ஆய்வுகூடத்தில் நிறுவ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லூயி பாஸ்டர் வரவேண்டியிருந்தது. ஆனால் தொண்டை நாட்டு வீடுகளில் பெயர் தெரியாமலே அந்த நுண்ணுயிரை வேலை வாங்கியிருக்கிறார்கள். இவ்வாறு புளித்த பானம் ஓர் அளவுக்கு மேல் வெறிக்காது. மதுசாரம் மிகுந்தால் அதை உண்டாக்கிய நுண்ணுயிரே மடிந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டுவதற்கே வடித்தல் வந்தது. நீர் 100 பாகையில் கொதிக்கும். மதுசாரம் ஏறத்தாழ 78 பாகையிலேயே ஆவியாகும். இந்த இடைவெளிக்குள்தான் உலகத்துச் சாராயம் எல்லாம் பிறந்தது. 'அரக்' என்ற அரபுச் சொல்லுக்கு வியர்வை என்று பொருள். குழாயின் நுனியில் துளிர்ப்பதைப் பார்த்தவன் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ் இலக்கியம் குடியைப் பற்றி ஒரே குரலில் பேசியதில்லை. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தருவான் என்று அதியமானை நினைத்து அழுத ஔவையாரும் நம்மவரே; கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரம் வைத்த வள்ளுவரும் நம்மவரே. நான் இருவரையும் ஒரே நாளில் படிப்பித்திருக்கிறேன்.

சப்பிரகமுவவுக்கு வருவோம். கேகாலையும் இரத்தினபுரியும் கித்துல் மரத்தின் நாடு. 1660இல் கண்டி அரசனிடம் அகப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தீவிலே சிறையிருந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அம்மரத்தின் இனிய நீரையும், அதைக் காய்ச்சிச் செய்யும் கருப்பட்டியையும் விவரித்திருக்கிறார். ஆகவே, நமது மூதாதையர் தலைச்சுமையோடு வந்து குடியை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர்களுக்கு முன்பே இங்கு கள் இருந்தது. அவர்கள் வந்த பிறகு அதிகரித்தது தவறணைதான். தவறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனது.

பிரித்தானியர் ஆட்சியில் சாராய விற்பனை உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடுதலாகக் கேட்டவருக்கு உரிமை. கேட்ட தொகையை மீட்டெடுக்க அவர் விற்றாக வேண்டும். 1830களுக்குப் பின் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, கையில் சிறிதளவு காசும் உடம்பு நிறைய அலுப்பும் கொண்ட மனிதர்கள் கூட்டங்கூட்டமாக மலைக்கு வந்தார்கள். தோட்டப் பாதைகளில் தவறணைகள் முளைத்தன. இலங்கையின் உள்ளூர் முதலாளிகள் பலரது முதல் செல்வம் இந்தச் சாராயக் குத்தகையிலிருந்தே வந்தது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தோட்டத் தொழிலாளியின் தாகத்துக்கு வரலாற்றில் இப்படியும் ஒரு பங்குண்டு. அதை யாரும் அவன் கணக்கில் வரவு வைக்கவில்லை.

கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. 1876இல் கியூ தாவரவியற் தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கையும் கேகாலைச் சரிவுகளையும் மூடின. அக்காலத்திலேதான், 1904இலும் பின்னர் 1912இலும், மதுவிலக்கு இயக்கம் தெற்கிலும் மேற்கிலும் கிளர்ந்தெழுந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பிறந்ததும் அந்தக் கொந்தளிப்பின் நடுவிலேதான். உத்தரவுப்பத்திரம் இல்லாமல் வடிப்பவனை இன்றும் நீதிமன்றத்தில் நிறுத்துவது, பல திருத்தங்களோடு தொடரும் அதே சட்டமே. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த மகாத்மா காந்தி தோட்டத் தொழிலாளர் முன் பேசியபோது குடியை விடும்படி கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் கைகூப்பினார்கள் என்று என் பாட்டனார் தம் தகப்பனார் வாய்மொழியாகச் சொல்வார். அடுத்த சம்பள நாளைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

இனி என் வீட்டுக் கதை. இதைச் சொல்வதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன்.

1991ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. யட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். தேயிலைத் தோட்டத்தாருக்கு விளங்காத ஒரு துன்பம் இறப்பர்த் தோட்டத்தாருக்கு உண்டு: மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. மரம் நனைந்திருந்தால் பால் காலிலே இறங்காமல் பட்டை வழியே பரந்து வீணாகும். சிரட்டைக்குள் மழைநீர் விழும். பால் வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளமில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சப்பிரகமுவவில் வானம் வெளுக்க வாரக்கணக்காகும். தேயிலைத் தோட்டங்களைவிட இறப்பர்த் தோட்டங்களில் கசிப்பு வேரூன்றியதற்கு இந்த வேலையற்ற மழை நாட்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மற்றக் காரணம் இடவசதி. கைவிடப்பட்ட இறப்பர் மலையில் நிழலுண்டு, விறகுண்டு, ஓடையுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றமுண்டு. ஒட்டுப்பால் அழுகும் நாற்றத்திலும் ஸ்டோரில் இறப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்தின் நெடியிலும் பழகிய மூக்குக்குக் கோடாவின் புளிப்பு தனியே தெரியாது.

அந்த மழைக்காலத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, முதன்முதலாகக் கசிப்புக் காய்ச்ச முனைந்தார். பால் வெட்டில் கெட்டிக்காரர்; மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை நகக்கனத்துக்குச் சீவுவார். பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் செய்வதை இரண்டு முறை பார்த்திருந்தார். அவ்வளவுதான் பயிற்சி. சீனி வாங்கக் காசு அம்மாவின் சீட்டுக் காசு. என்னைப் பட்டணத்துப் பாடசாலையில் சேர்ப்பதற்கென்று எடுத்து வைத்தது. "ரெட்டிப்பா தாரேன் அக்கா" என்றார் மாமா. அம்மா மூன்று நாள் மறுத்து நான்காம் நாள் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று நான் பின்னாளில் கேட்டதற்கு, "அரிசி முடிஞ்சிருச்சிடா" என்றார்.

மூங்கிற் புதருக்குள் பீப்பாய் வைக்கப்பட்டது. நான் விறகு சுமந்தேன். மேட்டில் நின்று பாதையைப் பார்த்தேன். ஆள் வந்தால் தேவாரம் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. தேவாரம் பாடும் பிள்ளையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள் என்பது மாமாவின் கணக்கு. புதிதாகத் தொழில் தொடங்குபவர் எல்லாரையும் போல அவருக்கும் பொறுமையில்லை. காலையும் மாலையும் மூடியைத் திறந்து பார்ப்பார். காதை வைத்துக் கேட்பார். உள்ளே 'சிர்' என்று இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் அடங்கவேண்டும் என்பது அந்தக் கிராமத்துக்காரர் சொன்ன விதி. அடங்குமுன்பே மாமா அடுப்பை மூட்டிவிட்டார். அதுவும் பெருநெருப்பு. சீக்கிரம் எரிந்தால் சீக்கிரம் இறங்கும் என்று நினைத்தாராம்.

பானையில் பாதி கோடா, மேலே மாப்பிசைந்து பூசிய மூடி, அதிலிருந்து கிளம்பும் ஒரு குழாய். ஆவி மட்டும் போகவேண்டிய குழாய்க்குள் நுரையே பொங்கி ஏறிவிட்டது. முதலில் கலங்கல் நீராக ஒரு போத்தலளவு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. குழாய் அடைத்துக்கொண்டது. மாமா குனிந்து அதைத் தட்டினார். நான் மேட்டிலிருந்து கேட்டது, துணி கிழிவது போல ஒரு சத்தம். மூடி எகிறியது. வலது கை முழங்கை வரை வெந்து போனது. முகம் தப்பியது தெய்வாதீனம்.

தோட்டத்து மருந்தறையில் கஞ்சிப்பானை கவிழ்ந்ததென்று சொன்னோம். அங்கிருந்தவர் மாமாவின் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் மருந்து கட்டினார். தாத்தா அந்தப் போத்தலிலிருந்து ஒரு வாய் குடித்துத் துப்பினார். "தீஞ்ச களி" என்றார். மாமாவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் கத்தி பிடிக்க முடியவில்லை. எனக்குப் பட்டணத்துப் பள்ளி ஓராண்டு தள்ளிப்போனது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லியிருப்பேன். கை ஆறியதும் மாமா மீண்டும் காய்ச்சினார். இரண்டாம் முறை நெருப்பைக் குறைத்தார். மூன்றாம் முறை விற்றார். 1997இல் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போனபோது அணிந்திருந்த சப்பாத்து அந்தக் காசு. என் பட்டப்படிப்புக்கு அடிப்படையான புத்தகங்களிற் சிலவும் அந்தக் காசு. அதே ஆண்டுகளில் எங்கள் அடுத்த காம்பராக்காரர் மாமாவின் வாடிக்கையாளர். சம்பள நாளில் அவர் கையிலிருந்து காசு சுவருக்கு இப்பால் வந்துவிடும். அவருடைய மகள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். கணக்கில் என்னிலும் கெட்டிக்காரி. அவள் பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். என் அம்மா அவளுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்தனுப்பினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

கசிப்பு என்றவுடன் உயிரிழப்பைப் பற்றியே பேசுகிறோம். அதிலும் ஒரு தெளிவு வேண்டும். சீனிக் கோடாவிலிருந்து இறங்குவதில் மெதனோல் மிகச் சிறிதே. கூட்டங்கூட்டமாக மனிதர் மடிவது பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோலைக் கலந்து விற்பதால்தான். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டது அத்தகைய நஞ்சினால். அமெரிக்காவில் பழைய வாகனங்களின் ரேடியேட்டரைக் குளிர்விக்கப் பயன்படுத்தி வடித்ததைக் குடித்தவர்கள் ஈய நஞ்சுக்கு ஆளானதும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. இவை செய்தியாகின்றன. அடுத்த காம்பராவின் கதை செய்தியாவதில்லை.

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்த ஆண்டில் கடையில் ஒரு போத்தல் சாராயத்தை இரண்டு நாட் சம்பளத்தாலும் வாங்க முடியாது. வரியை ஏற்றினால் குடி குறையும் என்பது திறைசேரியின் கணக்கு. மூங்கிற் புதருக்குள் வேறு கணக்கு நடக்கிறது.

கடந்த தைப்பொங்கலுக்கு மாமா வந்திருந்தார். தொழிலை விட்டுப் பல ஆண்டாகிறது. வலது கையின் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. முற்றத்தில் பானை ஏற்றியிருந்தோம். பெரும்பாணாற்றுப்படைச் செய்தியை அவருக்கு எளிய தமிழில் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"ரெண்டு நாளுதானா? வடிக்கலையா?"

"வடிக்கவில்லை, மாமா. பிழிந்தெடுப்பார்கள்."

"அப்ப அது கள்ளு மாதிரிதான். கோடா இல்ல. ஒம் பையன்கிட்ட சொல்லு" என்றார். என் மாணவனின் கூற்றுக்கு இதைவிடச் சரியான உரையை எந்த உரையாசிரியரும் எழுதியிருக்க முடியாது. அதற்குள் பானை விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியது. மாமா சட்டென்று எழுந்து, அந்தக் கையாலேயே அடுப்பிலிருந்து ஒரு கட்டையை வெளியே இழுத்தார்.