காரணமில்லாமல் ஓடிப்போனவள்

அடிமை ஓடிவிட்டால் எஜமானர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பது அமெரிக்கக் காலனிகளில் வாடிக்கை. நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. 1796 மே மாத இறுதியில் பிலடெல்பியாவில் வெளியான ஒரு விளம்பரம், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டிலிருந்தே வந்தது. ஓனி ஜட்ஜ் என்ற பெண் ஓடிவிட்டாள். பிடித்து வீடு சேர்ப்பவருக்குப் பத்து டாலர்.

இத்தகைய விளம்பரங்கள் பெண்ணின் உடலை அங்கம் அங்கமாக அடையாளம் சொல்லும். இதிலும் முகப்புள்ளிகள், கரிய கண்கள், அடர்ந்த முடி, மெலிந்த உடல்வாகு எல்லாம் உண்டு. அவளிடம் நல்ல உடைகள் நிறைய உண்டு, ஆனால் அவற்றை விவரிக்கும் அளவுக்கு நினைவில்லை என்கிறது விளம்பரம். யாருக்கும் சந்தேகம் எழவில்லை, ஓடும்படி யாரும் எதுவும் செய்யவுமில்லை என்றும் சொல்கிறது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளுக்கு அளித்த பேட்டிகளில் ஓனா ஜட்ஜ் காரணத்தைச் சொன்னார். வாஷிங்டனின் மனைவி மார்த்தா, புதிதாக மணமான தன் பேத்திக்கு ஓனாவைக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார். அந்தப் பேத்திக்கு அடிமையாக இருப்பதில்லை என்பது ஓனாவின் தீர்மானம். வர்ஜீனியாவுக்குத் திரும்பினால் விடுதலை கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் அழைத்துவந்த அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். அதைத் தடுக்கவே வாஷிங்டன் தன் அடிமைகளை அவ்வப்போது மாநிலத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

குடும்பத்தார் வர்ஜீனியா பயணத்துக்கு மூட்டை கட்டியபோது ஓனாவும் கட்டினார். நகரத்துக் கறுப்பினத் தோழர்களின் வீட்டில் தன் பொருட்களை முன்கூட்டியே சேர்த்துவைத்தார். எஜமானர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில் வெளியேறினார். யாருக்கும் சந்தேகம் வராதபடி நடந்துகொண்டது அவருடைய திறமை.

கப்பல் தலைவர்கள் அவளை ஏற்றக்கூடாது என்றும் விளம்பரம் எச்சரித்திருந்தது. ஆனாலும் ஒருவர் அவரை நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்தில் சேர்த்தார். அந்தத் தலைவர் இறந்த பிறகுதான் ஓனா அவர் பெயரை வெளியிட்டார்.

வாஷிங்டன் விடவில்லை. பிள்ளைபோல் வளர்க்கப்பட்டவள் நன்றி மறந்தாள் என்று கடிதம் எழுதினார். அரசு அதிகாரியைக் கொண்டு அவரைத் திருப்பி அழைக்க முயன்றார். எஜமானர்களின் மறைவுக்குப் பிறகு விடுதலை என்று உறுதி தந்தால் வருவதாக ஓனா பேசிப்பார்த்தார். வாஷிங்டன் மறுத்தார். 1799இல் மீண்டும் ஆள் வந்தபோது, முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததால் தப்பினார்.

ஓடிப்போன பெண்களில் பெரும்பாலோரைப் பற்றி எஞ்சியிருப்பது பிடிக்க நினைத்தவர் எழுதிய சில வரிகள் மட்டுமே. ஓனாவின் பதில் நம் கையில் இருப்பதால், மற்ற விளம்பரங்களிலும் “காரணமில்லாமல்” என்ற சொல்லைக் கண்டால் நாம் நின்று யோசிக்க முடிகிறது. அங்கே எஜமானருக்குத் தெரியாத ஒரு திட்டம் இருந்திருக்கலாம். அவர் சொல்ல விரும்பாத ஒரு காரணமும் இருந்திருக்கலாம்.

ஓனா மணம் செய்தார், மூன்று பிள்ளைகள் பெற்றார், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார், வறுமையிலும் உழன்றார். 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் இன்னொருவரின் சொத்துதான். வாஷிங்டன் வீட்டைவிட இங்கே கடுமையாக உழைக்க நேர்ந்ததே, வருத்தமில்லையா என்று கேட்டார்கள். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார்.