டீக்கடைக்காகப் பிறந்த கணினி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நான்கு கிளைகளோடு பேக்கரி நடத்துகிறார். "சார், விற்காத ரொட்டியும் பப்ஸும் தினமும் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகுது. எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்பணும்னு கணக்குப் போட்டுச் சொல்ற சாஃப்ட்வேர் வாங்கப் போறேன். அது வந்துட்டா கிளைகள்ல பொறுப்பாளர்களே தேவையில்லை" என்றார். அவர்களில் ஒரு அம்மா 15 வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர்.

"சாஃப்ட்வேர் வாங்குப்பா, நல்லதுதான். அதுக்கு முன்னாடி ஒரு கதை கேளு" என்று உட்கார வைத்தேன். தொழிற்புரட்சி பாடத்தை உங்களுக்கு நீராவி இயந்திரத்தோடு முடித்துவிட்டேன். இது அப்போது நான் சொல்லாமல் விட்ட பாடம்.

லண்டனில் ஜே. லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. 1894-இல் பிக்கடில்லி தெருவில் முதல் டீக்கடையைத் திறந்து, பிறகு 200-க்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்தது. ஹேமர்ஸ்மித் பகுதியில் கேட்பி ஹால் என்ற இடத்தில் அதன் தலைமையகமும் பெரிய பேக்கரியும் இருந்தன. டீ, பன், கேக் என்று எல்லாமே சில்லறை வியாபாரம். ஒவ்வொன்றிலும் லாபம் மிகச் சிறிது. கூடுதலாகச் சுட்டால் வீண், குறைவாகச் சுட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். இந்தக் கணக்கைப் போடவே குமாஸ்தாக்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே ஜான் சிம்மன்ஸ் என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1923-இல் சேர்ந்து, அலுவலக வேலைகளை எப்படிச் சீர்திருத்தலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தார். 1947-இல் நிறுவனம் தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அப்போது கணினி என்பது பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கணக்கிடும் ராணுவ இயந்திரம். இதைக் கொண்டு கேக் கணக்கும் போடலாமே என்று இவர்களுக்குத் தோன்றியது! உங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் ஒரு கணினி செய்துகொண்டிருக்கிறாரே என்று அமெரிக்காவில்தான் தெரிந்துகொண்டார்கள். லயன்ஸ் அவருக்குப் பண உதவி செய்தது. பதிலுக்கு அவருடைய வடிவமைப்பை வைத்துத் தனக்கென ஒரு கணினி கட்டிக்கொண்டது. அதன் பெயர் 'லியோ'. சுமார் 6,000 வால்வுகள் கொண்டது. 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை வாராவாரம் போடத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையைக் கணினி செய்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. பிறகு சம்பளக் கணக்கும் போட்டது. அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு ஓர் ஆளின் சம்பளம் கணக்கிட 8 நிமிடம். லியோவுக்கு ஒன்றரை வினாடி.

நம் மாணவருக்கு நான் அழுத்திச் சொன்னது 1954-இல் வந்த டீக்கடை ஆர்டர் வேலையைத்தான். டேவிட் கேமினர் தலைமையில் இதற்கான முறையை வகுத்தார்கள். திங்களுக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று கிழமைவாரியாக ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழக்கமான ஆர்டர் இருக்கும். கடையை நடத்தும் பெண் பொறுப்பாளரிடம் மதியம் தொலைபேசியில் பேசுவார்கள். அவர் முழுப் பட்டியலையும் ஒப்பிக்க வேண்டாம். நாளைக்கு என்ன மாற்றம் என்று மட்டும் சொன்னால் போதும். கேட்பவர் அதை அப்படியே அட்டையில் துளையிடுவார். இரவில் பேக்கரி எவ்வளவு சுட வேண்டும், எந்த வண்டியில் எதை ஏற்ற வேண்டும், பில் எவ்வளவு என்பதெல்லாம் லியோவிலிருந்து வந்துவிடும்.

நினைவிருக்கிறதா? காலையில் வருகைப் பதிவு எடுத்ததும், இன்று எத்தனை பேர் என்று சத்துணவுக் கூடத்துக்கு வகுப்புத் தலைவனை அனுப்புவேனே! ஊரில் திருவிழா என்றால் எண்ணிக்கை குறையும், ஆயா அரிசியைக் குறைத்துப் போடுவார். அதே வேலைதான் இது.

யோசித்துப் பாருங்கள். கூட்டல், பெருக்கல் எல்லாம் இயந்திரத்துக்கு. தன் தெருவில் நாளை என்ன நடக்கும் என்ற அறிவு அந்தப் பெண்ணுக்கு. அவரை நீக்கிவிட்டு லியோ வரவில்லை. அவர் சொல்லைக் கேட்டுத்தான் லியோ ஓடியது.

இன்று கைபேசியில் வரும் திட்டமிடல் மென்பொருளும் இதன் பேரப்பிள்ளைதான். பழைய விற்பனை, பண்டிகை, மழை, கையிருப்பு, லாரிப் பாதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் அதற்குத் தெரிந்தது நேற்று வரை நடந்ததுதான். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது முந்தைய வருடத்து விற்பனைக் கணக்கு யாருக்கு உதவியது? கடையில் நின்றவர்கள் சொன்னதை வைத்துத்தான் திருத்த வேண்டியிருந்தது.

வீணாவதைக் குறைப்பது லாபத்துக்காக மட்டுமல்ல. 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. வீண் உணவோடு அதற்குச் செலவான தண்ணீரும் டீசலும் உழைப்பும் வீண். சரியாகத் திட்டமிடும் பேக்கரிக்காரர் தன்னை அறியாமலே பூமிக்கும் நல்லது செய்கிறார்.

லயன்ஸ் பிறகு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். 1970-களில் வெளிநாட்டுக் கடன் வாங்கி விரிவாக்கம் செய்து சிக்கிக்கொண்டது. 1978-இல் வேறொரு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. நல்ல மென்பொருள் ரொட்டி வீணாவதைத் தடுக்கும். முதலாளியின் தப்பான முடிவைத் தடுக்காது.

கேட்டுவிட்டு நம் மாணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த அம்மாகிட்ட தினம் மதியம் கேட்கச் சொல்றீங்களா சார்?" என்றார். "கேட்டுப் பாரேன். ஒரு மாசம் அவங்க சொன்னதையும் சாஃப்ட்வேர் சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வை. அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். "யோசிக்கிறேன் சார்" என்று கிளம்பினார். அவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்!

உங்களில் பலர் கிடங்கிலும் கம்பெனியிலும் இந்த மாதிரி மென்பொருளோடு வேலை செய்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இப்போது உங்களிடம் நான் மாணவன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்