குடுமி போன கதை

ஃபேஷன் விஷயத்துல நான் எப்பவுமே டியூப்லைட்தான். எண்பதுகள்ல ஊரே ஸ்டெப் கட்டிங் வெச்சு காதை மூடிக்கிட்டுத் திரிஞ்சப்போ, நான் தேங்காய் எண்ணெய் வழிய வகிடு எடுத்துச் சீவிக்கிட்டு இருந்தேன். ஒருவழியா மனசைத் தேத்திக்கிட்டு சலூனுக்குப் போய் உட்கார்ந்தா, கடைக்காரரே "இப்பல்லாம் யாரு தம்பி இதை வெட்டுறா"ன்னுட்டார். பெல்பாட்டம், பேகி பேண்ட் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

சரி, கொசுவர்த்தியை அணைச்சுட்டு மேட்டருக்கு வர்றேன். என்னை மாதிரி கடைசியா வர்ற ஆளுங்களுக்கு வரலாறு என்ன மரியாதை பண்ணியிருக்குன்னு யோசிச்சேன். உடனே ஞாபகம் வந்தது குடுமி.

இன்னிக்குக் குடுமின்னு சொன்னா உங்க மனசுல என்ன படம் வருது? பூணூல், பஞ்சகச்சம், கையில மணி. அதாவது அர்ச்சகர், இல்லேன்னா சாஸ்திரிகள். ஆனா நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி இது பல சாதி ஆம்பளைங்களுக்கும் பொதுவான தலைக்கட்டு. நெத்திக்கு மேல முன்மண்டையை மழிச்சுட்டு, மிச்சத்தை வளர்த்து பின்னாடி முடிஞ்சுக்குவாங்க. எங்க வீட்டுல ஒரு பழைய குரூப் போட்டோ உண்டு. அதுல நடுநாயகமா உட்கார்ந்திருக்கிற கொள்ளுத்தாத்தாவுக்கு எலுமிச்சம்பழம் சைஸுல குடுமி. அவர் ஏர் ஓட்டின ஆளு. வேதத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

போட்டோவை நம்பாதவங்களுக்கு கால்டுவெல் இருக்கார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின (1856) அதே இடையன்குடி பாதிரியார்தான். அப்போ சில மிஷனரிகள், கிறிஸ்தவரா மாறினவன் குடுமியை வெட்டியே ஆகணும், அது இந்து மத அடையாளம்னு பிடிவாதம் பிடிச்சாங்க. 1867ல் கால்டுவெல் குடுமிக்குன்னே தனியா ஒரு சின்னப் புத்தகம் போட்டு, இது மதச் சின்னம் இல்லை, இந்த ஊர் ஜனங்க முடி வெச்சுக்கிற விதம், அவ்வளவுதான்னு வாதாடினார். குடுமிக்கு ஒரு ஸ்காட்டிஷ் ரத்தம் ஓடின பாதிரியார் வக்காலத்து! (சங்ககாலப் பாண்டியன் ஒருத்தன் பேரே பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில சாமிக்கே குடுமி உண்டுன்னு தலபுராணம். அதைத் தனியா எழுதணும்.)

அப்புறம்தான் கிராப்பு வந்தது. ஆபீஸ், காலேஜ், பட்டணம்னு மெதுவா வந்தது. வீடுகள்ல அதுக்கு நல்ல வரவேற்பு இல்லை. பாரதியையே எடுத்துக்குங்க. அப்பா இறந்த பிறகு 1898ல் காசிக்கு அத்தை வீட்டுக்குப் போறார். அங்கே குடுமியை எடுத்துட்டு மீசை வளர்க்க ஆரம்பிச்சதும், மாமா கிருஷ்ணசிவன் அவரோட ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிட மறுத்துட்டார்னு அவர் வாழ்க்கை வரலாற்றுல வருது. ஒரு தலைமுடிக்காகச் சோத்துப் பந்தியே பிரிஞ்சது.

இதைவிட என்னை ரொம்ப பாதிச்சது கணித மேதை ராமானுஜன் கதை. கடல் தாண்டினா சாதிப் பிரஷ்டம்னு இருந்த காலம். முதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னார். அப்புறம் நாமகிரித் தாயார் உத்தரவு கிடைச்சு அம்மா சம்மதிச்சாங்கங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாதது, கிளம்புறதுக்கு முந்தின சில நாட்கள். அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்கூட்டியே எழும்பூர்ல ரயிலேத்தி கும்பகோணத்துக்கு அனுப்பிட்டார். கோட்டு சூட்டு, கிராப்புத் தலைங்கிற அந்தக் கோலத்துல அவங்க தன்னைப் பார்க்க வேண்டாம்னுதான். 1914 மார்ச் 17ல் நெவாசா கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜிலும் ஷூ காலைக் கடிச்சு, ரூம்ல செருப்போடதான் நடமாடினாராம். கணக்குல உலகத்துக்கே பல வருஷம் முன்னாடி ஓடின மனுஷன், உடுப்பு விஷயத்துல நம்ம கட்சி! இன்னிக்கு நாம பார்க்கிற அவரோட பிரபலமான படம் 1919ல் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. காலர், கோட்டு, கிராப்பு. குடுமி வெச்ச ராமானுஜனை யாருக்கும் தெரியாது.

மத்த நாடுகள்ல இதையெல்லாம் சர்க்கார் உத்தரவு போட்டு முடிச்சுட்டாங்க. ரஷ்யாவுல மகா பீட்டர் 1705ல் தாடிக்கு வரியே போட்டார். ஜப்பான்ல 1871ல் அரசாணை, 1873ல் சக்கரவர்த்தி மெய்ஜியே முடியை வெட்டிக்கிட்டார், ஜனங்களும் பின்னாடியே போயிட்டாங்க. அதே ஆணையை கொரியாவுல 1895 கடைசியில போட்டப்போ ஊரே கொந்தளிச்சு, சில மாசத்துல வாபஸ். சீனா கதைதான் உச்சம். 1645ல் மஞ்சு அரசு "சடை வளர், இல்லேன்னா தலை போகும்"னு சொன்னப்போ, மாட்டேன்னு செத்தவங்க ஏராளம். 1911 புரட்சியில அதே சடையை வெட்டச் சொன்னப்போ, அவங்க வம்சத்து ஆளுங்க அழுது அடம் பிடிச்சாங்க. பிடிக்காத ஃபேஷன் பிடிச்சுப்போறதுக்கு 250 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. என் ஸ்டெப் கட்டிங் எவ்வளவோ தேவலாம்.

தமிழ்நாட்டுல அப்படி எந்த உத்தரவும் வரலை. யாரும் வரி போடலை, கத்தரியோட தெருவுல நிக்கலை. ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொருத்தனா, அப்பாகிட்ட திட்டு வாங்கிக்கிட்டே வெட்டிக்கிட்டான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கிராப்புத் தலையோடயும் ஷெர்வானியோடயும் மேடை ஏறினப்போ அது ஊர்ப் பேச்சாச்சு. ஏன்னா அதுவரைக்கும் நாதஸ்வர வித்வான்னா குடுமி. அப்புறம் சினிமா. எம்.கே.டி. தலையைப் பார்த்து ஊர் முழுக்க "பாகவதர் கிராப்பு" வளர்த்தாங்க. தோள்பட்டை வரைக்கும் தொங்குற முடிக்குப் போய் கிராப்புன்னு பேரு! நாவிதர் வீட்டுக்கு வந்து திண்ணையில மழிச்சுவிட்டு அறுப்புக்கு நெல் வாங்கிட்டுப் போன காலம் போய், கண்ணாடியும் நாற்காலியும் வெச்ச சலூனுக்குக் காசு கொடுத்துப் போற காலம் வந்துச்சு. காசு இருந்தும் உள்ளே விடாத சலூன்களும் இருந்தன. அந்தக் கதை இன்னும் முடியலைன்னு செய்தித்தாள்ல அப்பப்ப வருது.

இப்ப, கடைசியா வந்தவங்க கதைக்கு வர்றேன். மத்தவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா விட்டுட்டுப் போனதும், குடுமியோட மிச்சம் நின்னது கோயில்லயும் வைதீகத்துலயும் இருந்தவங்க. ஊருக்கே பொதுவா இருந்த விஷயம், கடைசியா வெச்சிருந்தவங்க தலையில அவங்களோட சாதிச் சின்னமா உட்கார்ந்துடுச்சு. 1950கள்ல குடுமியையும் பூணூலையும் அறுத்த சம்பவங்கள் நடந்தப்போ, வெட்டினவனோட தாத்தாவும் குடுமி வெச்சிருந்திருக்க வாய்ப்பு அதிகம். அது வெட்டினவனுக்கும் ஞாபகம் இல்லை, வெட்டுப்பட்டவருக்கும் ஞாபகம் இல்லை. (சாதிச் சண்டைக்கு இழுக்காதீங்க சாமி, நான் முடியைப் பத்தி மட்டும்தான் பேசுறேன்.)

தலையை விட்டுப் போனது வாயை விட்டுப் போகலை. குடுமிப்பிடிச் சண்டை இன்னும் நடக்குது. அவன் குடுமி இவன் கையிலன்னு கட்சிக் கூட்டணிக்குக் கூட சொல்றோம். சோழியன் குடுமியும் சும்மா ஆடறதில்லை.

இப்போ சில வருஷமா பசங்க முடியை வளர்த்து உச்சியில முடிஞ்சுக்கிறாங்க, மேன் பன்னாம். பக்கவாட்டுல மழிப்பு வேற. எங்க தெருவுல ஒரு பையன்கிட்ட "என்னப்பா, குடுமியா"ன்னேன், முறைச்சான். எனக்கு இது பிடிச்சு வர இன்னும் ஒரு பத்து வருஷம் ஆகும். அதுக்குள்ள முடிய முடி இருக்கணும் :-)