வட்டைத் துரத்திய சட்டம்: பினாங்குப் பெருநிலத்தில் தமிழ்ப்பாட்டும் களவுப் பிரதியும்

பட்டர்வொர்த்துக்கு வடக்கே, பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள கெப்பாலா பத்தாஸ் போன்ற ஊர்களுக்குத் தமிழ்த் திரைப்பாட்டு சென்னையிலிருந்து கடல் கடந்தே வந்தது. அசல் ஒலிநாடாவும் குறுந்தட்டும் வேண்டுவோர்க்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா இருந்தது. சிற்றூர்களிலோ பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையின் மேசையே இசைக்கடை. அங்கே விற்றதை மலாய் வழக்கு ‘சேத்தாக் ரொம்பாக்’ என்கிறது: அச்சிட்டுக் கொள்ளையடித்தல். தமிழில் அது ‘திருட்டு’. இரு சொல்லும் விற்பவரையே சுட்டுகின்றன. வாங்கியவருக்கு இரு மொழியிலும் பெயரில்லை.

அவர் எதைத் தேடினார் என்பதை வாங்கிய பண்டமே காட்டும். ஒலிநாடாக் காலத்தில் 60 அல்லது 90 நிமிட வெற்று நாடாவையும் பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்குவது தமிழர் வாழ்ந்த இடமெங்கும் வழக்கம். எம்பி3 வட்டு அதே ஆசையின் அடுத்த வடிவம். 700 மெகாபைட் தட்டில், விநாடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கினால், ஐந்து நிமிடப் பாட்டுகள் ஏறக்குறைய 150 அடங்கும். அசல் தட்டு ஒன்றிரண்டு படங்களின் பாட்டோடு முடிந்தது. களவுத் தட்டோ இசையமைப்பாளர் வாரியாக, பாடகர் வாரியாக, சோகம் காதல் எனத் தொகுத்துத் தந்தது. கேட்பவருக்குப் படமன்று, பாட்டே அலகு என்பதை நிறுவனங்களுக்கு முன்பே அறிந்தவர் களவு வணிகரே.

சட்டம் வட்டைத்தான் பிடித்தது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குத் துணையாக வந்த 2000ஆம் ஆண்டின் ஒளிவட்டுச் சட்டம், தொழிற்சாலைக்கு உரிமத்தையும் வட்டுக்குத் தயாரிப்பாளர் குறியீட்டையும் கட்டாயமாக்கியது. 2003 ஜனவரியில் ஹோலோகிராம் ஒட்டு நடப்புக்கு வந்தது. 2007இல் லக்கி, ஃப்ளோ என்னும் இரு லாப்ரடோர் நாய்கள் வட்டுகளை மோப்பம் பிடிக்க மலேசியாவுக்கு வந்தன. அவை முகர்ந்தது வட்டின் பாலிகார்பனேட் வாடையை, அசலுக்கும் போலிக்கும் வாடை ஒன்றே. வீட்டுக் கணினியில் பதிந்த தட்டுக்கோ உரிமமும் இல்லை, குறியீடும் இல்லை.

உண்மையான இழப்பு உள்ளூரில்தான். திரைப்பாட்டு களவுபோனாலும் படத்துக்குத் திரையரங்கு வரவு உண்டு. 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட ‘வல்லவன்’ போன்ற மலேசியத் தமிழ்த் தொகுப்புக்கு அந்த முட்டு கிடையாது. சிறிய சந்தையில் விற்காமற்போன ஒவ்வொரு தட்டும் அங்கே கணக்கில் உறைக்கும்.

சோதனைகளைவிட வட்டை வீழ்த்தியது இணையமே. 2011 நவம்பரில் ‘வொய் திஸ் கொலவெறி டி’ பாட்டின் முழுமையடையாத பிரதி கசிந்ததும், உரியவர்களே அதை முறையாக யூடியூபில் ஏற்றினர், கசிவே விளம்பரமாயிற்று. 2013இல் ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது. 2022 மார்ச் 18 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைத் திருத்தம், அனுமதியற்ற ஸ்ட்ரீமிங் கருவிகளை விற்போருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கிறது. அந்தக் கருவிகளை மக்கள் நாடுவது படத்துக்கும் பந்தாட்டத்துக்கும். பாட்டுக்கு, இடையில் வரும் விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் கைப்பேசியே போதும்.