பெருந்தொற்றுக் காலத்தில் கணுக்கால் முறிவு சிகிச்சை (ஐக்கிய இராச்சியம்)

கோவிட்-19 பெருந்தொற்றின் முதல் அலையின்போது (2020) ஐக்கிய இராச்சியத்தில் கணுக்கால் காயங்கள் ஏற்பட்ட சூழலும், அவற்றுக்கான சிகிச்சை முறையும் சில வாரங்களிலேயே மாறின. அறுவை சிகிச்சையைத் தவிர்த்து மாவுக்கட்டுக்குத் திரும்பியது இம்மாற்றத்தின் முதன்மைக் கூறாகும்.

பின்னணி

1958-இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஏஓ என்னும் மருத்துவர் குழு, முறிந்த எலும்புகளை உலோகத் தகடும் திருகும் கொண்டு பொருத்தும் முறையைப் பரப்பியது. அதன்பின் இடம் விலகிய கணுக்கால் முறிவுகளுக்கு அறுவை சிகிச்சையே வழக்கமானது. மாவுக்கட்டைக் கச்சிதமாகப் போடும் கைத்திறன் மெல்ல அருகியது.

பொது முடக்கம்

2020 மார்ச் 23 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் பொது முடக்கத்தை அறிவித்தார். உடற்பயிற்சிக்காக நாளுக்கு ஒருமுறை மட்டுமே வெளியே செல்லலாம். பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டிகள் அதற்குப் பத்து நாள் முன்பே நிறுத்தப்பட்டு, ஜூன் 17-இல்தான் மீண்டும் தொடங்கின. உள்ளூர் மைதானங்களும் ஓய்ந்ததால் விளையாட்டில் ஏற்படும் சுளுக்கும் முறிவும் குறைந்தன. வீட்டுப் படிக்கட்டுகளுக்கு முடக்கம் ஏது? முதியோர் வீட்டுக்குள் தடுக்கி விழுவது நிற்கவில்லை.

மாவுக்கட்டின் மீள்வரவு

பல மருத்துவமனைகளில் அறுவை அரங்குகளும் மயக்கவியல் மருத்துவர்களும் தீவிர சிகிச்சைப் பணிக்குத் திருப்பப்பட்டனர். அறுவை சிகிச்சையை ஒட்டித் தொற்று கண்ட 1,128 நோயாளிகளில் 23.8 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்ததாக, 24 நாடுகளின் தரவைக் கொண்ட ஆய்வு 2020 மே மாதம் லான்செட் இதழில் வெளியானது. இவர்களில் பலர் அவசர அறுவைக்கு உள்ளானவர்கள் என்பதால், இவ்வெண்ணைக் கணுக்கால் நோயாளிக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் அச்சம் நியாயமானதே. இயன்றவரை அறுவையின்றிச் சிகிச்சை அளிக்கவும், கழற்றக்கூடிய கட்டுகளைப் பயன்படுத்தவும், தொலைபேசி வழியே தொடர் ஆலோசனை வழங்கவும் பிரித்தானிய எலும்பியல் சங்கம் வழிகாட்டியது. நோயாளியை நேரில் அழைக்காமல் ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் மெய்நிகர் முறிவு மருத்துவப் பிரிவு, கிளாஸ்கோவில் 2011 முதலே செயல்பட்டு வந்தது. பெருந்தொற்று அதைப் பிற இடங்களுக்கும் பரப்பியது.

மாவுக்கட்டுக்கு ஆதரவான சான்று பெருந்தொற்றுக்கு முன்பே கிடைத்திருந்தது. கீத் வில்லெட் தலைமையில் 60 வயதைக் கடந்த 620 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. உடலோடு ஒட்ட வார்க்கப்படும் மெல்லிய கட்டு, ஆறு மாத முடிவில் கால் இயக்கத்தில் அறுவை சிகிச்சைக்கு ஈடான பலனைத் தந்தது. புண், தொற்றுச் சிக்கல்களும் குறைவு. ஆனால் கட்டுப் போட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. எலும்பு கோணலாகச் சேர்வதும் கட்டுக் குழுவிலேயே அதிகம்.

2020-இல் பலரும் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்றுண்டு. அவ்வாய்வில் கட்டு போடப்பட்டது மயக்க மருந்தின் கீழ், அறுவை அரங்கில், பயிற்சி பெற்ற மருத்துவர்களால். அரங்கே கிடைக்காத நாட்களில் அவசரப் பிரிவில் போடப்பட்ட சாதாரண மாவுக்கட்டை அதற்கு நிகராகக் கொள்ள முடியாது. கட்டுக்குள் எலும்பு நகர்ந்துவிட்டால் அதைச் சில நாட்களுக்குள் கண்டறிய வேண்டும். அதற்கு மறுபடம் எடுக்க நோயாளி மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். தொலைபேசியில் அது இயலாது. வாரங்கள் கடந்து தெரியவந்தால், பாதி சேர்ந்த எலும்பைப் பிரித்து நேராக்குவது முதல் நாள் அறுவையைவிடக் கடினம்.