வாசலில் வைத்ததும் கேட்டு வாங்கியதும்: பாரிஸ் நகரத்துப் பழஞ்சாமானின் கதை

19ஆம் நூற்றாண்டின் பாரிஸில் வீட்டுக்கு வேண்டாதது எதுவானாலும் தெருவுக்குத்தான் வந்தது. அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், எலும்பு, கிழிந்த துணி, உடைந்த பீங்கான், நசுங்கிய தகரம் எல்லாம் இரவில் வாசலுக்கு எதிரே ஒரே குவியலாகக் கொட்டப்படும். காலையில் ஒப்பந்ததாரரின் குதிரை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். மக்கக்கூடியதெல்லாம் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு எருவாக விலைபோனது. கொட்டுவதற்கும் அள்ளுவதற்கும் இடையில் கிடைத்த சில மணி நேரத்தில் ஒரு பெரிய தொழிலே நடந்தது. அதைச் செய்தவர்களைப் பிரெஞ்சில் ஷிஃபோனியே என்றார்கள். கந்தல் பொறுக்கிப் பிழைப்பவர்கள்.

முதுகில் பிரம்புக் கூடை, ஒரு கையில் நுனி வளைந்த இரும்புக் கொக்கி, மறு கையில் லாந்தர். இந்த மூன்றும்தான் அவர்களுடைய கருவிகள். 1828இல் காவல்துறை இவர்களைப் பதிவு செய்து, எண் பொறித்த வில்லை கொடுத்தது. வில்லை இல்லாதவர் குவியலில் கொக்கி போடக் கூடாது. இரவில் தெருத்தெருவாக அலைபவர்களைக் கண்காணிப்பதுதான் ஆட்சியாளர்களின் நோக்கம். ஆனால் அந்த வில்லையால் தொழிலுக்கும் ஒரு அங்கீகாரம் வந்துசேர்ந்தது.

அவர்கள் பொறுக்கியதில் வீண் என்று எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் காகிதம் பருத்தி, லினன் கந்தலிலிருந்து செய்யப்பட்டது. பத்திரிகையும் புத்தகமும் பெருகப் பெருக ஆலைகளுக்குக் கந்தல் போதவில்லை. எலும்பிலிருந்து பொத்தானும் பிரஷ் கைப்பிடியும் வஜ்ஜிரப் பசையும் வந்தன. எலும்பைச் சுட்டுக் கிடைத்த கரியைக் கொண்டுதான் சர்க்கரை ஆலைகள் பாகை வெளுத்தன. தீக்குச்சிக்கான பாஸ்பரஸுக்கும் எலும்புதான் மூலம். சீப்பில் சிக்கிக் கழிந்த தலைமுடி சவுரி கட்டுபவர்களிடம் போனது. ஒரு வீட்டின் கழிவு நாலைந்து ஆலைகளுக்குக் கச்சாப்பொருளாக இருந்த காலம் அது. பாரிஸின் தொழில்வளர்ச்சிக் கணக்கில் இந்தக் கூடைக்காரர்களின் பங்கு உரிய அளவில் எழுதப்படவே இல்லை.

கூடை நிறைந்ததும் வேலை முடிந்துவிடாது. குடும்பம் முழுவதும் வசிக்கும் ஒற்றை அறையின் தரையில் கூடையைக் கவிழ்த்து, மனைவியும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். வெள்ளைத் துணி தனி, சாயத் துணி தனி, கம்பளி தனி, கயிறு தனி. எலும்பு, கண்ணாடி, செம்பு, ஈயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை. சுத்தமான வெள்ளைத் துணிக்கு நல்ல விலை. அழுக்குச் சாயத்துணி அடிமாட்டு விலைக்குத்தான் போகும். பிரித்த மூட்டைகளை மொத்த வியாபாரியிடம் எடைக்குப் போடுவார்கள். அவர் ஆலைகளுக்கு விற்பார். இந்தச் சங்கிலியில் லாபம் வியாபாரியிடம் தங்கியது. நாற்றமும் நோயும் பொறுக்கியவர் அறையில் தங்கின.

1832 வசந்த காலத்தில் பாரிஸைக் காலரா தாக்கியது. நகரத்தில் மட்டும் 18,000 பேருக்கு மேல் இறந்தார்கள். குப்பையை உடனுக்குடன் அகற்ற வேண்டும் என்று கருதிய நிர்வாகம், மாலையிலும் வண்டி வந்து அள்ளும்படி ஏற்பாடு செய்தது. இரவுக் குவியல் இல்லாவிட்டால் சோறு இல்லை என்பது ஷிஃபோனியேகளுக்கு அன்றே புரிந்துவிட்டது. அவர்கள் வண்டிகளை மறித்தார்கள், உடைத்தார்கள், கொளுத்தினார்கள். நகரத்தின் சுகாதாரமும் ஏழையின் பிழைப்பும் வீட்டு வாசலில் நேருக்கு நேர் மோதிக்கொண்டது அப்போதுதான்.

கவிஞர் போதலேர் இவர்களைப் பாடினார். ஓவியர் மானே வரைந்தார். நாடகமேடையில் நேர்மையான கந்தல்காரர் கதாநாயகன் ஆனார். இந்தப் புகழால் எவருடைய கூடையும் நிறையவில்லை.

பெரிய திருப்பம் 1883 நவம்பர் 24இல் வந்தது. செய்ன் மாவட்ட ஆட்சியர் எஜேன் பூபெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்போருக்காக மூடி போட்ட குப்பைத் தொட்டி வாங்கி வைக்க வேண்டும். கொள்ளளவு 40 முதல் 120 லிட்டர். குப்பையைத் தெருவில் கொட்டக் கூடாது. மக்கும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று என்று மூன்று தொட்டிகளை ஆணை எதிர்பார்த்தது. குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் யோசனை அத்தனை பழையது. அன்றைக்கு அது நடைமுறைக்கு வரவில்லை. ஒற்றைத் தொட்டி மட்டும் நிலைத்தது.

1884 ஜனவரியில் ஆணை அமலானதும் கூச்சல் எழுந்தது. தொட்டி வாங்கும் செலவை எண்ணி வீட்டுக்காரர்கள் முனகினார்கள். ஷிஃபோனியேகளுக்கோ அது வாழ்வுப் பிரச்சினை. பத்திரிகைகள் அவர்கள் பக்கம் பேசின. கடைசியில் நிர்வாகம் ஓரளவு இறங்கி வந்தது. வண்டி வருவதற்கு முன் தொட்டியைத் துணி விரித்து அதன்மேல் கவிழ்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைத் திரும்பப் போட்டுவிட அனுமதி கிடைத்தது. பூபெல் செய்தது நகரத்துக்குத் தேவையான வேலைதான். காலராவை அனுபவித்த ஊர் தெருக்குப்பையோடு இன்னும் எத்தனை காலம் வாழ்ந்திருக்க முடியும்? ஆனால் அந்தக் குப்பையை நம்பியிருந்தவர்களுக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு ஆணையில் ஒரு வரிகூட இடம் இல்லை.

தொட்டி வந்தபின் தொழிலுக்குள்ளேயே பிளவு ஆழமானது. சிலருக்குக் கட்டடக் காவலாளியோடு உடன்பாடு இருந்தது. விடியற்காலையில் தொட்டிகளைக் கீழே இறக்கி வாசலில் வைத்துக் கொடுப்பார்கள். பதிலுக்கு அந்தக் கட்டடத்தின் குப்பையை முதலில் கிளறும் உரிமை அவர்களுக்கு. அந்த உரிமை விலைக்கு விற்கப்பட்டது, பிள்ளைக்குச் சொத்தாகவும் போனது. இவர்களுக்குக் குடியிருப்போரையும் தெரிந்திருந்தது. ஒரு கிழிந்த கோட்டையோ ஓட்டைப் பாத்திரத்தையோ தொட்டியில் போடாமல் கையில் கொடுக்கும் பழக்கம் அங்கே உருவானது. உடன்பாடு இல்லாத மற்றவர்கள் தெருத்தெருவாக ஓடி, அடுத்தவர் விட்டுவைத்ததைத் தேடினார்கள்.

வாடகை ஏற ஏற இவர்கள் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். 1840களில் கட்டப்பட்ட கோட்டைச் சுவருக்கு அப்பால் 250 மீட்டர் அகலத்துக்குக் கட்டடம் கட்டத் தடை இருந்தது. அந்த வெற்று நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு குடிசைகள் எழுந்தன. 1913இல் புகைப்படக் கலைஞர் அட்ஜே அங்கே எடுத்த படங்களில் குடிசைக்கு முன் கூடை, சாக்கு, கந்தல் மலை, அதற்கு நடுவே நிற்கும் குடும்பங்கள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. வடக்கே சேன்-துவான் பகுதியில், ஆலைக்குப் போகாத நல்ல சாமான்களை ஞாயிறுதோறும் தரையில் விரித்து விற்றார்கள். இன்று உலகெங்கிலுமிருந்து பழம்பொருள் பிரியர்கள் தேடிவரும் சேன்-துவான் சந்தை அப்படி வளர்ந்ததுதான்.

ஒருபுறம் காகித ஆலைகள் மரக்கூழுக்கு மாறிவிட்டதால் கந்தலின் விலை விழுந்தது. மறுபுறம் மூடிய லாரியும் குப்பை எரிக்கும் ஆலையும் வந்து, கிளறுவதற்கான நேரத்தையே இல்லாமலாக்கின. 1946இல் பாரிஸில் குப்பை பொறுக்கும் தொழில் தடை செய்யப்பட்டது.

பழையதைக் கொடுப்பது என்ற வழக்கம் அதற்கு முன்பும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஆள் பார்த்துக் கொடுப்பது. எஜமானியின் உடை பணிப்பெண்ணுக்குப் போகும். போர்வையும் சட்டையும் பங்குக் கோயில் வழியாக, ‘தகுதியுள்ள ஏழை’ என்று விசாரித்து அறிந்த குடும்பத்துக்குப் போகும். முன்பின் தெரியாத வீடுகளிலிருந்து கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாவற்றையும் வண்டி கொண்டுவந்து ஏற்றிச்செல்லும் ஏற்பாடு, தொழில் தடைபட்ட மூன்றே ஆண்டுகளில் தொடங்கிய ஓர் இயக்கத்தால் பரவியது.

நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பாதிரியார் அபே பியேர், பாரிஸுக்குக் கிழக்கே நேயி-பிளேசான்ஸ் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிட்டு வைத்திருந்தார். 1949இல் அங்கே, சிறைத்தண்டனை கழித்து வந்து தற்கொலைக்கு முயன்ற ஜார்ஜ் என்பவரை வரவேற்று, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டும் வேலையில் தனக்கு உதவும்படி கேட்டார். எம்மாவுஸ் இயக்கம் பிறந்தது அப்படித்தான். 1951இல் அபே பியேரின் நாடாளுமன்றப் பதவி போய்ச் சம்பளமும் நின்றபோது, அங்கே சேர்ந்திருந்தவர்கள் பழைய ஷிஃபோனியே தொழிலையே கையில் எடுத்தார்கள். தெருவில் வாழ்ந்தவர்கள் அவர்கள். குப்பையில் எது காசாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

1954 ஜனவரி இறுதியில் கடுங்குளிர். பாரிஸின் செபஸ்தோபோல் பெருஞ்சாலையில் ஒரு பெண் உறைந்து இறந்தார். வீட்டைக் காலிசெய்யச் சொன்ன காகிதம் அவர் கையில் இருந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி அபே பியேர் ரேடியோ லக்ஸம்பர்க் வழியாக மக்களிடம் வேண்டினார். கேட்டவை 5,000 போர்வை, 300 பெரிய கூடாரம், 200 அடுப்பு. அன்றிரவே அவர் குறிப்பிட்ட ரோச்செஸ்டர் ஹோட்டலுக்கு முன்னால் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு குவிந்தார்கள். சார்லி சாப்ளின் 20 லட்சம் பிராங்க் கொடுத்தார். மொத்தமாகச் சேர்ந்த நன்கொடை சுமார் 50 கோடி பிராங்க். பணத்தைவிட ஆழமான மாற்றம் ஒன்றும் நடந்தது. அலமாரியில் உபயோகமில்லாமல் கிடக்கும் போர்வை இன்னொருவரின் உயிர் என்ற எண்ணம் ஒரே வாரத்தில் ஒரு நாடு முழுவதும் பரவியது.

அதன்பின் எம்மாவுஸ் வண்டியை வீட்டுக்கு அழைப்பது பிரெஞ்சுக் குடும்பங்களின் வழக்கமானது. குறிப்பாக, தாத்தாவோ பாட்டியோ இறந்தபின் வீட்டை ஒழிக்கும்போது. வண்டியில் வருபவர்கள் அலமாரியைக் கழற்றுவார்கள், மெத்தையைச் சுருட்டுவார்கள், இழுப்பறையில் கிடக்கும் கரண்டி முதல் பரணில் இருக்கும் தையல் இயந்திரம் வரை இறக்குவார்கள். எம்மாவுஸ் கூடத்தில் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, தரம் பிரித்து, குறைந்த விலைக்கு விற்பார்கள். வேலை செய்பவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, ஒரு கைச்செலவுத் தொகை. இப்படிச் சேர்ந்து வாழும் சமூகத்தின் அன்றாடச் செலவை விற்பனை வருமானமே தாங்க வேண்டும் என்பது கொள்கை. பழைய பொருளுக்கு மறுவாழ்வு தரும் அதே கைகள் தங்களுக்கும் மறுவாழ்வு தேடிக்கொண்டன. பிரான்சில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட சமூகங்கள் இப்படி இயங்குகின்றன. 2024இல் அபே பியேர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் வெளிவந்தபோது, அவற்றைச் சுயேச்சையான விசாரணைக்கு விட்டு அறிக்கையை வெளியிட்டது எம்மாவுஸ் இயக்கமேதான். நிறுவனரின் புகழை மறுபரிசீலனை செய்ய நேர்ந்த அந்த வேதனையிலும் வண்டிகளும் கூடங்களும் நிற்கவில்லை.

தெருவும் மறையவில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்குப்பையை அகற்றும் பொறுப்பை நகராட்சிகளிடம் தந்தது. குப்பையைக் கிளறுவதைச் சுகாதார விதிகள் தடுத்தன. பெரிய சாமான்களைக் கழிக்கப் பாரிஸில் இப்போது முன்பதிவு முறை இருக்கிறது. இணையத்தில் பதிந்தால் ஒரு எண் வரும். அதைத் தாளில் எழுதிச் சாமான்மேல் ஒட்டி, குறித்த நேரத்தில் நடைபாதையில் வைக்க வேண்டும். கட்டணம் இல்லை. எண் ஒட்டாத மெத்தைக்கு அபராதம். ஆனாலும் வைத்ததற்கும் வண்டி வருவதற்கும் இடையில் நல்ல நாற்காலியும் புத்தக அடுக்கும் பெரும்பாலும் காணாமல் போகின்றன. மாணவர்களும் புதிதாக வந்து குடியேறியவர்களும் கைவினைஞர்களும் கொண்டுபோகிறார்கள். இப்படி எடுத்து வாழ்பவர்களை ஆன்யெஸ் வார்தா 2000இல் எடுத்த ஆவணப்படம் மிகுந்த மரியாதையோடு காட்டியது. தொட்டிகளிலிருந்து எடுத்ததைப் போர்த் மோன்மார்த்ர் அருகே தரையில் விரித்து விற்றவர்களைக் காவல்துறை பல ஆண்டுகள் விரட்டியது. 2009இல்தான் அவர்களுக்கென்று நகராட்சி ஓர் இடம் ஒதுக்கி, அடையாள அட்டை கொடுத்தது. 1828ஆம் ஆண்டு வில்லைக்கு ஏறக்குறைய நூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இரண்டாவது அங்கீகாரம் அது.

கொடைக்கும் இப்போது நெருக்கடி. எம்மாவுஸைச் சேர்ந்த லெ ரெலே என்ற கூட்டுறவு அமைப்பு 1984 முதல் பழைய துணிகளைச் சேகரிக்கிறது. தெருவோரப் பெட்டியில் துணியைப் போட்டுவிட்டுப் போவது எளிது. பெட்டிக்குள் வருவதோ மாறிவிட்டது. நல்ல உடையை மக்கள் வின்டெட் போன்ற செயலிகளில் தாங்களே விற்றுவிடுகிறார்கள். மலிவான, இரண்டு துவைப்பில் இளைத்துப்போகும் துணி மூட்டை மூட்டையாகப் பெட்டிக்கு வருகிறது. அதைப் பிரிப்பதற்கும் அகற்றுவதற்கும் ஆகும் செலவை விற்பனை ஈடுகட்டுவதில்லை. 2025 ஜூலையில் லெ ரெலே, பழந்துணியைக் கையாள்வதற்காகத் துணி உற்பத்தியாளர்கள் கட்டும் பங்களிப்பிலிருந்து தனக்கு வரவேண்டிய தொகையை உயர்த்தக் கேட்டுப் பெட்டிகளிலிருந்து துணி எடுப்பதை நிறுத்தியது. பெட்டிகள் நிரம்பி வழிந்தன. அதன் ஊழியர்கள் மூட்டைகளைக் கொண்டுபோய்ப் பெரிய துணிக்கடைகளின் வாசலிலேயே கொட்டிப் போராடினார்கள். அரசு தலையிட்டு டன்னுக்கான தொகையை உயர்த்திய பிறகே பெட்டிகளிலிருந்து துணி எடுப்பது மீண்டும் தொடங்கியது.